அமுக்கிய ஒலியும் அவிழ்த்த ஒலியும்

ஒரு காலத்தில் நம் இல்லங்களின் பீரோக்களிலும் பரண்களிலும் ஒலிநாடாப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீஃபா அவர்களின் பாடல்கள் ஒருபுறம், மீலாது மேடைகளில் பதிவான பயான்கள் மறுபுறம். இவற்றுக்கிடையே, எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்காத நாடாக்கள் சிலவும் இருந்தன. வளைகுடா நாட்டில் பணிபுரிந்த மகனுக்கு எழுதத் தெரியாத தாய் பேசி அனுப்பியது ஒன்று. நிக்காஹ் மஜ்லிஸில் பெரியவர்கள் வாழ்த்தியது ஒன்று. குழந்தை முதன்முதலாக ஓதியது மற்றொன்று.

ஹனீஃபா அவர்கள் 2015ஆம் ஆண்டு மறைந்தார்கள். ஆயினும் அவர்களின் குரல் ஆயிரம் இடங்களில் பாதுகாப்பாக இருக்கிறது. ஒரு பிரதி கெட்டால் மற்றொன்று கிடைக்கும். மர்ஹூமாகிவிட்ட நம் பாட்டனாரின் குரலோ, நம் வீட்டில் உள்ள அந்த ஒரே பதிவில்தான் இருக்கிறது. அதைக் கெடுத்தால் மீட்க வழியில்லை. இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளின் முக்கியத்துவம் இதுவேயாகும்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் மட்டுமன்றி நாடெங்கும், ஒலிநாடாக்களைக் கொடுத்து எம்பி3 குறுந்தகடுகளாக மாற்றி வாங்கும் வழக்கம் பரவியது. இதற்குக் காரணம் எளிய கணக்குத்தான். 700 மெகாபைட் கொள்ளும் குறுந்தகட்டில் சுருக்கப்படாத ஒலி ஏறத்தாழ 80 நிமிடமே அடங்கும். 128 கிலோபிட் வேகத்தில் சுருக்கிய எம்பி3 ஆனால் சுமார் 12 மணி நேரம் அடங்கும். ஒரு மணி நேர நாடாக்கள் பன்னிரண்டை ஒரே தட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? நாடாக்கள் அத்துடன் பரணேறின; சில வீடுகளில் குப்பைக்கே போயின.

இப்போது பிள்ளைகள் அந்தக் கோப்புகளைக் கணினியில் திறந்து, இரைச்சலைக் குறைக்கவும், நடுவிலுள்ள இடைவெளிகளை வெட்டவும், இரு பகுதிகளை இணைக்கவும் விரும்புகிறார்கள். "முதலில் வேவ் கோப்பாக மாற்றிக்கொள்" என்று விவரமறிந்தவர் கூறுகிறார். மாற்றினால் கோப்பு பதினொரு மடங்கு பெருக்கிறது. காதுக்கோ எந்த வேறுபாடும் தெரிவதில்லை. அப்படியாயின் மாற்றுவதால் என்ன பயன் என்ற ஐயம் எழுவது இயற்கையே.

ஒலி எவ்வாறு சுருங்குகிறது?

ஒலியை எண்களாக்கும்போது, ஒவ்வொரு விநாடியையும் மிகச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் ஒலியலையின் உயரத்தை அளந்து எழுதுகிறார்கள். இசைக் குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 அளவைகள். ஒவ்வோர் அளவைக்கும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். ஒரு விநாடிக்கு 1,76,400 பைட். ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட். இந்த எண்களை ஒன்றும் விடாமல் வரிசையாக எழுதி வைப்பதே சுருக்கப்படாத ஒலிக்கோப்பு. மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் 1991இல் வகுத்த 'வேவ்' என்னும் வடிவம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

எம்பி3 என்பது வேறு வழியில் செல்வது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட அறிஞர்கள் இதனை உருவாக்குவதில் பெரும் பங்காற்றினார்கள். 1995ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று '.mp3' என வழங்கும் கோப்புப் பின்னொட்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. மனிதச் செவியின் ஓர் இயல்பின் மீது இவர்கள் கட்டிய கட்டடம் இது. உரத்த ஓசை ஒன்று எழும்போது, அதை ஒட்டிய சுருதியில் எழும் மெல்லிய ஓசைகள் நம் காதுக்கு எட்டுவதில்லை. பேருந்து நிலையத்தில் ஹாரன் ஒலிக்கும்போது அருகில் நிற்பவர் சொல்வது கேளாமற்போவது போன்றது இது. இவ்வாறு மறைந்துபோகும் ஓசைகளை எழுதி வைப்பானேன் என்று கருதி, எம்பி3 அவற்றைத் தள்ளிவிடுகிறது அல்லது கரடுமுரடாகக் குறித்துக்கொள்கிறது. 128 கிலோபிட் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 58 மெகாபைட்டுக்குள் அடங்குவது இதனால்தான்.

நாம் நாள்தோறும் அனுப்பும் வாட்ஸ்அப் குரல்செய்திகளும் இத்தகையனவே. அவற்றில் பயன்படுவது 2012இல் தரப்படுத்தப்பட்ட 'ஓபஸ்' என்னும் முறை. அதுவும் தேவையற்றதெனத் தான் கருதுவதைக் கழித்தே சுருக்குகிறது.

பஞ்சாலை கற்பிக்கும் பாடம்

கோவை வட்டாரத்தில் வாழும் நமக்கு இதனை விளக்கப் பஞ்சைவிடச் சிறந்த உவமை வேண்டியதில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் முதல் இன்றுவரை, ஆலைக்குப் பஞ்சு வருவது இறுக்கி அமுக்கிய பொதியாகத்தான். நம் நாட்டுப் பொதி ஒன்றின் நிறை 170 கிலோ. லாரியில் ஏற்றவும் குடோனில் அடுக்கவும் பொதியே வசதி. ஆனால் பொதியை அப்படியே கொண்டுபோய் நூற்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. முதலில் புளோ ரூமில் பொதியை உடைத்து, பஞ்சைப் பிரித்து, உதறி அவிழ்த்த பின்னரே அடுத்த வேலை நடைபெறும்.

எம்பி3 கோப்பை வேவ் ஆக மாற்றுவதும் பொதியை அவிழ்ப்பதுதான். அவிழ்த்த பஞ்சு மலைபோல் குவிந்து கிடக்கும். அதனால் பஞ்சு கூடிவிட்டதாக எவரும் சொல்லமாட்டார். அதுபோல, 58 மெகாபைட் 635 ஆகப் பெருகினாலும் ஒலியின் தரம் ஓர் இம்மியும் உயர்வதில்லை.

இன்னும் ஒரு நுட்பமும் இதில் உண்டு. ஆலையில் கோம்பர் இயந்திரம் பஞ்சைச் சீவிக் குட்டை இழைகளைக் கழிவாகத் தள்ளிவிடும். அவ்வாறு சீவிய பஞ்சை மீண்டும் பொதியாக அமுக்கியதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பொதியை எத்தனை முறை அவிழ்த்தாலும், கழிவாகப் போன இழை திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளாது. எம்பி3 இத்தகைய பொதிதான்: சீவியும் இருக்கிறது, அமுக்கியும் இருக்கிறது. இதற்கு மாறாக, எதையும் கழிக்காமல் அமுக்க மட்டும் செய்யும் முறையும் உண்டு. 2001இல் வெளிவந்த 'ஃப்ளாக்' என்னும் வடிவம் அத்தகையது. பெரும்பாலும் பாதியளவு இடத்தை மிச்சப்படுத்தும். அவிழ்த்தால் ஓர் எண்கூடக் குறையாமல் பழையபடியே கிடைக்கும்.

எனினும் அவிழ்ப்பது ஏன்?

தரம் உயராது என்றால் அவிழ்ப்பதால் பயன் என்ன? இனி நேரவிருக்கும் இழப்பைத் தடுப்பதே அதன் பயன்.

எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாகக் கட்டி வைக்கிறது. குறுந்தகட்டு வேகத்தில் ஒவ்வொரு துண்டிலும் 1,152 அளவைகள். ஏறத்தாழ 26 மில்லிவிநாடி நீளம். ஒரு துண்டின் செய்தி அடுத்த துண்டுக்குள்ளும் சென்று கலந்திருக்கும். ஆகவே, நினைத்த இடத்தில் வெட்ட அவிழ்த்தால்தான் முடியும். ஒலித் திருத்த மென்பொருள்கள் தாமாகவே அதைச் செய்துவிடுகின்றன. ஆபத்து இருப்பது திருத்தி முடித்துச் சேமிக்கும் இடத்தில்தான். மீண்டும் எம்பி3 ஆகவே சேமித்தால், முன்பே சீவிய பஞ்சு மறுபடியும் கோம்பருக்குள் செல்கிறது. இன்று இருமலை வெட்டிச் சேமிக்கிறோம். நாளை ஓசையைக் கூட்டிச் சேமிக்கிறோம். அடுத்த வாரம் முன்னுரை சேர்த்துச் சேமிக்கிறோம். ஒவ்வொரு முறையும் சிறிது கழிகிறது. மேலும், ஒவ்வொரு சுருக்கமும் தொடக்கத்தில் ஒரு சிறு மௌனத் துணுக்கைச் சேர்க்கக்கூடும். தொடர்ந்து ஒலிக்க வேண்டிய இரு பகுதிகளை ஒட்டும்போது இணைப்பில் ஒரு தடுக்கல் தென்படுவது இதனாலேயே.

இரைச்சல் நீக்குவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். எம்பி3 எதைக் கழிக்கலாம் என்று கணக்கிட்டது, அந்த ஒலியை உள்ளது உள்ளபடியே கேட்பார்கள் என்ற எண்ணத்தில்தான். நாம் இரைச்சலை நீக்கி, கீச்சோசையைக் கூட்டி, மெல்லிய பகுதிகளை உயர்த்தும்போது அந்தத் திரை விலகுகிறது. அதன் பின்னே ஒளிந்திருந்த குறைகள் வெளிப்பட்டு, நீருக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற ஒரு சலசலப்பாகக் கேட்கின்றன. எனவே சுருக்கிய பதிவில் இரைச்சல் நீக்கத்தை மிதமாகவே கையாள வேண்டும்.

முதலில் பாதிக்கப்படுவது எது என்பதும் நம் கவனத்துக்குரியது. மிகக் குறைந்த வேகத்தில் சுருக்கும்போது உயர்ந்த அதிர்வெண்களே முதலில் வெட்டுண்ணும். உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பிவிடும். ஸகர, ஷகர, ஃபகர ஒலிகள் போன்ற உரசொலிகளுக்கு அடையாளம் தருவது உயர்ந்த அதிர்வெண்களே. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கடத்திய பழைய தொலைபேசியில் ஸகரமும் ஃபகரமும் மயங்கியதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அரபு மொழியிலோ ஸீன், ஸாத், ஸே என்று செவிக்கு நெருங்கிய எழுத்துகள் பல. மக்ரஜ் பிசகாமல் அவற்றை ஓதுவதற்குப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பழக்குகிறோம். ஓதியவர் செம்மையாக ஓதியிருக்க, பதிவைத் திரும்பத் திரும்பச் சுருக்கியவர் அந்த வேறுபாட்டை மழுங்கடித்துவிடலாகாது.

செய்முறை

முதலாவதாக, மூல நாடா இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பழைய எம்பி3 கோப்பை ஒதுக்கிவிட்டு, நாடாவிலிருந்தே நேரடியாக வேவ் ஆகப் பதிவு செய்வதே மேல். கழிவு நேராத பஞ்சு அங்கேதான் இருக்கிறது. நாடாவின் மேல்விளிம்பில் உள்ள இரு பிளாஸ்டிக் தாழ்ப்பாள்களையும் உடைத்துவிட்டால், தவறுதலாக அதன் மேல் பதிவாகிவிடாது. டேப் ரெக்கார்டரின் ஹெட் அழுக்கின்றி இருக்க வேண்டும். அதன் சாய்வு சிறிது பிசகினாலும் கீச்சோசைகள் மங்கிவிடும். நாடாவில் வெண்ணிறப் பூசணம் தென்பட்டால் ஓட்டிப் பார்க்காமல், அனுபவமுள்ளவரிடம் ஒப்படையுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் உலக அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ., பழைய பதிவுகளைப் பாதுகாக்கக் குறைந்தது 48,000 அளவைகள், 24 பிட் என்ற தரத்தைப் பரிந்துரைக்கிறது. சாதாரண நாடாவுக்கு இது தாராளமாகப் போதும்.

நாடா இல்லை, எம்பி3 மட்டுமே உள்ளது என்றால், கோப்பின் ஒரு பிரதியை எடுத்துத் தனியே வையுங்கள். அதைத் திறந்து கேட்கலாம். அதன் மேல் எதையும் சேமிக்கலாகாது.

அடுத்து, 'ஆடசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் மற்றொரு பிரதியைத் திறவுங்கள். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கப்பட்டு, மறு ஆண்டு வெளியான மென்பொருள் இது. கோப்பைத் திறந்தவுடன் தானே அவிழ்த்துக்கொள்ளும். பிறகு, ஏற்றுமதிப் பட்டியலில் வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். விநாடிக்கான அளவைகள் மூலக் கோப்பில் எவ்வளவோ அவ்வளவே இருக்கட்டும். 44,100 ஐ 48,000 ஆக்குவதால் ஆதாயம் ஏதுமில்லை. ஒற்றைத் தடப் பதிவை இரட்டைத் தடமாக்குவதும் வீண், இடம்தான் இருமடங்காகும். திருத்த வேலை மீதமிருந்தால் 32 பிட் ஃப்ளோட் என்பதைத் தேர்வது நன்று. அவிழ்க்கும்போது சில உச்சிகள் எல்லையைத் தாண்டி எழக்கூடும். 16 பிட்டில் அவை நறுக்கப்பட்டுவிடும், 32 பிட் ஃப்ளோட்டில் நறுக்கப்படா. நூற்றுக்கணக்கான கோப்புகள் இருப்பின், கணினி பழகிய பிள்ளைகள் 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் இலவசக் கருவியால் ஒரே கட்டளையில் அனைத்தையும் மாற்றிவிடுவார்கள்.

இனித் திருத்தங்கள் யாவும் வேவ் கோப்பிலேயே நடக்கட்டும். எத்தனை முறை சேமித்தாலும் இதில் கழிவு இல்லை. முடிந்ததை வேவ் ஆகவோ ஃப்ளாக் ஆகவோ தாய்க்கோப்பாகப் பாதுகாத்து வையுங்கள். உறவினருக்கு அனுப்புவதற்கு மட்டும், அந்தத் தாய்க்கோப்பிலிருந்து கடைசியாக ஒரே ஒருமுறை எம்பி3 எடுங்கள். 192 கிலோபிட் வேகம் பேச்சுக்கு மிகவும் போதுமானது. அந்த எம்பி3இல் பிழை கண்டால் அதைத் திருத்த முற்படாதீர்கள். தாய்க்கோப்பில் திருத்திவிட்டுப் புதிதாக எடுங்கள்.

பதிவின் முதலிலும் முடிவிலும் உள்ள வெற்றிடத்தை நீக்குவது மட்டுமே நோக்கமாயின், இவ்வளவு பாடு வேண்டியதில்லை. எம்பி3 துண்டுகளின் எல்லையில் மட்டும் வெட்டி, அவிழ்க்காமலும் மறுபடி சுருக்காமலும் தரும் சிறு மென்பொருள்கள் உள்ளன.

எச்சரிக்கை ஒன்றும் இங்கே அவசியம். கோப்பை அனுப்பினால் உடனே மாற்றித் தருவதாகக் கூறும் இணையதளங்கள் பல. வீட்டுப் பெண்களின் பேச்சும் குடும்ப இரகசியங்களும் அடங்கிய பதிவை, யாரென்றே அறியாதவரின் கணினிக்கு ஏற்றி அனுப்புவது விவேகமன்று. நம் கணினியிலேயே இலவசமாக முடியும் வேலையை வெளியே கொண்டுசெல்வானேன்?

திரைப்படக் கூடங்களின் ஒழுங்கு

மூலத்தின் மேல் கை வைக்காமல் பிரதியில் வேலை செய்யும் ஒழுங்கு கணினியோடு வந்த புதுமையன்று. கோவை, திரைப்படத் தொழிலில் சென்னைக்குப் போட்டியாக விளங்கிய காலம் ஒன்றுண்டு. 1947இல் வெளிவந்த 'ராஜகுமாரி' இங்குள்ள சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவாயிற்று. 1954இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜா ஸ்டூடியோவின் தயாரிப்பு. படச்சுருள் காலத்தில் எடிட்டர் மேசை மேல் வைத்து வெட்டி ஒட்டியது நெகட்டிவ்வை அல்ல. அதிலிருந்து எடுத்த பாசிட்டிவ் பிரதியைத்தான். வெட்டுகள் யாவும் முடிவான பிறகே, அதைப் பார்த்து நெகட்டிவ்வை ஒருமுறை வெட்டுவார்கள். படம் ஓடும் பிரதிகள் அதன்பிறகே எடுக்கப்படும். மூலம், வேலைப் பிரதி, வெளியீட்டுப் பிரதி என்று அவர்கள் கையாண்ட மூன்று படிகள் நமக்கும் பொருந்துவனவே: தொடாத எம்பி3 மூலம், வேலைக்கான வேவ், பகிர்வதற்கான புதிய எம்பி3.

வெட்டும் கையின் பொறுப்பு

அவிழ்த்த ஒலியில் ஒரு சொல்லின் நடுவேகூட வெட்டலாம். ஓரிடத்துச் சொல்லை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். கேட்பவருக்குத் தடயமே தெரியாது. வசதி பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகுகிறது. இருமலை நீக்கலாம், மின்விசிறியின் இரைச்சலைக் குறைக்கலாம். "இல்லை" என்று அவர் சொன்ன சொல்லை நீக்கலாகாது. ஒரு பயானின் நிபந்தனைப் பகுதியை விட்டுவிட்டு முடிவை மட்டும் பரப்புவது, பேசியவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதாகும். இரு சகோதரர்களுக்கிடையே அத்தா சமாதானம் செய்து பேசிய பதிவில், ஒருவரைக் கடிந்த பகுதியை மட்டும் மற்றவர் வைத்துக்கொண்டால், குடும்பத்தில் நெருப்பு மூள அது போதும். மறைந்தவர் எழுந்து வந்து மறுத்துரைக்க மாட்டார். அவர் குரல் நம்மிடம் உள்ள அமானிதம்.

ஆகவே, திருத்திய பதிவுடன் திருத்தாத முழுப் பதிவும் இருக்க வேண்டும். பேசியவர் பெயர், ஆண்டு, இடம், எதை நீக்கினோம் என்ற குறிப்பு ஆகிய நான்கையும் ஒரு தாளிலும் கோப்பின் பெயரிலும் எழுதி வையுங்கள். 'ஆடியோ 17' என்ற பெயர் நம் பேரப்பிள்ளைகளுக்கு எதையும் சொல்லாது. முழுப் பதிவின் இரண்டு பிரதிகள் இரண்டு வீடுகளில் இருக்கட்டும். ஒரு ஹார்டு டிஸ்க் பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

பெரியவர்களின் குரலைச் செம்மைப்படுத்த விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம், முறையைச் சொல்லிக்கொடுங்கள். போனது திரும்பாது; இருப்பது குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு, 635 மெகாபைட் இடமும் ஒரு மாலைப்பொழுதும் மட்டுமே.